நிதானமாக எரிகிற மோட்டார்

ஒரு ராக்கெட் மேலே கிளம்புகிற காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதன் இரைச்சலைப் பற்றியும் புகையைப் பற்றியும் காலடியில் தரை அதிர்ந்ததைப் பற்றியும் எவ்வளவோ விஸ்தாரமாகப் பேசுகிறார்கள். அது எத்தனை வினாடி எரிந்தது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இது எனக்கு வெகு நாளாக இருந்துவரும் மனக்குறை. அதை எழுத்திலேயே இறக்கி வைத்துவிடுவது என்று இப்போது உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்காள் மகன். வேலூர்ப் பக்கத்தில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன். விடுமுறைக்கு எங்கள் ஊரான திமிரிக்கு வந்திருந்தான். கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து மாதிரி ராக்கெட் குழு ஒன்று தொடங்கியிருக்கிறானாம்.

"பெரிய மோட்டாரா போட்டா பெருசா மேல போவும், அவ்ளோதானே மாமா?" என்றான்.

அவ்வளவுதான் இல்லை.

ஏன் இல்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லச் சாயங்காலம் தொடங்கிய பேச்சு இராத்திரிச் சாப்பாட்டையும் தாண்டிப் போயிற்று. (அக்காள் இரண்டு முறை கூப்பிட்டு, மூன்றாம் முறை தட்டைக் கொண்டுவந்து எதிரிலேயே வைத்துவிட்டாள்.) அந்தப் பேச்சைத்தான், நடுநடுவே போட்ட கணக்குகளோடு, உங்களுக்கும் சொல்லப்போகிறேன், கணக்கு என்றதும் எழுந்து போய்விடாதீர்கள், எல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

முதலில் மோட்டாரின் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். உலகெங்கும் பொழுதுபோக்கு ராக்கெட்காரர்கள் உபயோகிக்கிற மோட்டார்களுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்ததே பெயர். எழுத்து, அந்த மோட்டார் ஆரம்பம் முதல் முடிவு வரை கொடுக்கிற மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது; விசையைக் காலத்தால் பெருக்கினால் வருவதே கணத்தாக்கு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை. அடுத்தடுத்த எழுத்துக்குப் போகப் போக எல்லை இரட்டிப்பாகும். இப்படியே ஏறிப் போனால் கே என்பது 1280 முதல் 2560 வரை, எம் என்பது 5120 முதல் 10240 வரை. பக்கத்திலுள்ள எண், சராசரி உந்து விசை எத்தனை நியூட்டன் என்பது. ஆகவே, இரண்டு மோட்டார்களுக்கும் மொத்தம் 2400 நியூட்டன்-வினாடி என்று வைத்துக்கொண்டால், கே 1200 என்பது இரண்டு வினாடியில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடும். கே 300 என்பது அதே செல்வத்தை எட்டு வினாடி வைத்துச் செலவழிக்கும். இரண்டும் கே, இரண்டிலும் எரிபொருள் ஏறக்குறைய ஒரே எடை. பையன் சொன்ன 'பெரிய மோட்டார்' இவற்றில் எது?

இந்த இரண்டையும் ஒரே ராக்கெட்டில் பொருத்திப் பார்ப்போம். கிளம்பும்போது எடை 6 கிலோ, உடம்பின் குறுக்களவு 75 மில்லிமீட்டர், அதில் எரிபொருள் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதலில் காற்றே இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூமியின் ஈர்ப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். அங்கே இரண்டு வினாடி மோட்டார் வினாடிக்கு 425 மீட்டர் வேகத்தை எட்டி, ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீட்டர் உயரம் போகும். எட்டு வினாடி மோட்டாரோ, எரிகிற ஒவ்வொரு வினாடியும் ஈர்ப்புக்கு வினாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தைக் கப்பமாகக் கட்டிக்கொண்டே ஏற வேண்டியிருப்பதால், எட்டேகால் கிலோமீட்டரோடு நின்றுவிடும். வெற்றிடத்தில் அவசரக்காரனுக்கே ஜயம். பையன் சொன்னது அங்கே சரி.

இப்போது காற்றை உள்ளே விடுங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. இரண்டு வினாடி மோட்டார் அணைகிற சமயத்தில் நமது ராக்கெட் தரையிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது; அதாவது வாயுமண்டலத்திலேயே அதிகக் கனமான காற்றுக்குள், ஒலியின் வேகத்தையும் தாண்டி, வினாடிக்கு நானூறு மீட்டரை நெருங்கிப் பறந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் எதிர்க்காற்று அதைச் சுமார் 200 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. ராக்கெட்டின் எடையோ 47 நியூட்டன்தான். மோட்டார் அணைந்த மறுகணத்திலிருந்து வினாடிக்கு ஐம்பது மீட்டர் என்ற வீதத்தில் வேகம் கரையத் தொடங்குகிறது. எட்டு வினாடி மோட்டாரோ ஒலியின் வேகத்தைத் தொடுவதே இல்லை. வினாடிக்கு முந்நூறு மீட்டருக்குள் அடங்கி, ஒரு கிலோமீட்டருக்கு மேலே ஏறிய பிறகே அணைகிறது. முடிவில் இரண்டும் மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன!

வெற்றிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கியிருந்தவன் இங்கே சமமாக வந்துவிட்டதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று கூடும் என்பதை நான் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் தராசு நிதானக்காரன் பக்கமே சாயும். ராக்கெட் இன்னும் ஒல்லியாகவும், மோட்டார் இன்னும் பெரிதாகவும், போக வேண்டிய உயரம் இன்னும் அதிகமாகவும் ஆக ஆக அந்தச் சாய்வு வலுக்கிறது. காரணம், மேலே போகப் போகக் காற்று மெலிகிறது: 10 கிலோமீட்டர் உயரத்தில் தரைமட்டத்துக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அடர்த்திதான், 20 கிலோமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு. மார்பளவு தண்ணீரில் இறங்கி ஏரியைக் கடக்கிறவன், தண்ணீருக்குள்ளேயே ஓட முயன்றால் மூச்சுத்தான் வாங்கும்; தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகு ஓடினால் அதே பலத்தில் இரட்டிப்புத் தூரம் போவான். எரிபொருளைக் கனத்த காற்றில் வீசியெறியாமல் மெல்லிய காற்றுக்கென்று மிச்சம் வைத்திருக்கிற மோட்டாரே நீண்ட நேரம் எரிகிற மோட்டார்.

இதை முதன்முதலில் ஒரு பிரச்சினையாக உருவாக்கிக் கணக்கிட முற்பட்டவர் ராபர்ட் கொடார்டு. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட, மிகுந்த உயரங்களை எட்டும் வழியைப் பற்றிய அவருடைய நூலில் கேள்வி மிகத் தெளிவாக இருக்கிறது: குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற மிகக் குறைந்த ஆரம்ப எடையே போதுமானதாக இருக்க வேண்டுமென்றால், வழியெல்லாம் எந்தெந்த வேகத்தில் போக வேண்டும்? 1927-இல் கேயார்க் ஹாமல் என்ற ஜெர்மானியக் கணித மேதை அதற்குக் கணித உருவம் கொடுத்தார். இன்றும் அதற்குக் கொடார்டு பிரச்சினை என்றே பெயர். அதன் விடையை ஒரே வரியில் சொல்லலாம்: காற்றுத் தடை ராக்கெட்டின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிற வேகத்திலேயே எப்போதும் ஏறு. அதைவிட மெதுவாகப் போனால் ஈர்ப்புக்கு நஷ்டம். அதைவிட விரைந்தால் காற்றுக்கு நஷ்டம்.

நமது 6 கிலோ ராக்கெட்டுக்கு அந்த வேகம் தரைக்கருகே வினாடிக்குச் சுமார் 200 மீட்டர். மேலே காற்று மெலிய மெலிய அது தானாகவே உயரும். இதிலிருந்து கிடைக்கிற சூட்சுமம் என்னவென்றால், மொத்த 2400-இல் பாதியை முதல் ஒரு வினாடியிலேயே கொடுத்து 200 மீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிட்டு, மீதிப் பாதியைப் பத்து வினாடிக்குப் பரப்பி, எடையையும் தடையையும் ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் தாங்கிக்கொண்டே போகிற மோட்டார்தான் உத்தமமானது. முதலில் ஓர் உதை; பிறகு நீண்ட தாங்கல். ஆகவே 'நீண்ட நேரம் எரிகிறதா' என்று மட்டும் கேட்பதும் போதாது. 'எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது' என்று கேட்க வேண்டும். அதற்கான பதில் பெயரில் இல்லை, விசைக்கும் காலத்துக்கும் போட்ட வரைபடத்தில் இருக்கிறது.

அந்த வரைபடத்தின் உருவத்தை எது தீர்மானிக்கிறது? பையன் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது இது. திட எரிபொருள் எரிவது அதன் மேற்பரப்பில்தான். எந்தக் கணத்தில் எவ்வளவு பரப்பு எரிகிறதோ அதற்கேற்ப உள்ளே அழுத்தமும், அழுத்தத்துக்கேற்ப விசையும் அமைகின்றன. எரிபொருள் உருளையினூடே நீளவாட்டில் ஒரு துளை இருக்கும். துளையின் சுவர் எரிய எரியத் துளை விரிகிறது. துளை எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பதில்தான் அத்தனை விஷயமும் அடங்கியிருக்கிறது.

வாயால் சொன்னது பையனுக்கு மனதில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் அருமையான சாதனம் தெருவிலேயே கிடைக்கிறது. இராணிப்பேட்டை, விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். செருப்புக்கு அடித்தோல் வெட்டிய பின் விழுகிற துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்தவர் ஒருவரிடம் தடித்த துண்டுகளாக ஒரு பை நிறைய வாங்கிவந்தோம். 66 மில்லிமீட்டர் குறுக்களவில் இரண்டு வட்டங்கள் வெட்டி, ஒன்றில் 16 மில்லிமீட்டர் துளையை நட்டநடுவிலும், மற்றொன்றில் அதே துளையை விளிம்பைத் தொடும்படி ஓரத்திலும் போட்டோம். துளையின் சுற்றளவை நூல் வைத்து அளந்தோம். இரண்டிலும் 50 மில்லிமீட்டர். பிறகு நெருப்புக்குப் பதிலாகக் கத்தி: துளையைச் சுற்றிலும் எல்லாத் திசையிலும் 5 மில்லிமீட்டர் தோலைச் செதுக்கி எடுத்துவிட்டு, புதிய விளிம்பை மறுபடி நூலால் அளப்பது. அடித்தோல் சுலபத்தில் வெட்டுப்படுவதில்லை. கத்தி வழுக்காமலிருக்கத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டோம். நனைந்த தோலின் பதனிட்ட வாசனை அறை முழுவதும் நின்றது.

நடுத் துளை வட்டம் ஐந்தே செதுக்கலில் தீர்ந்துபோயிற்று. அதன் விளிம்பு 50-இல் தொடங்கி, தீரும் தறுவாயில் 200-ஐயும் தாண்டியிருந்தது. ஓரத் துளை வட்டமோ பத்துச் செதுக்கல் வரை நீடித்தது. அதன் விளிம்பு மெதுவாக ஏறி 80-க்குள்ளேயே நின்று, கடைசியில் பிறை வடிவமாக மெலிந்து இறங்கிற்று. பையன் நூலைக் கையிலே வைத்துக்கொண்டு, "டபுள் டைம் மாமா!" என்றான். அதேதான். நடுத் துளையிலிருந்து விளிம்புக்கு 25 மில்லிமீட்டர் தூரம். ஓரத் துளையிலிருந்து எதிர் விளிம்புக்கு 50. எரிய வேண்டிய தடிமன் இரட்டித்தால் எரியும் காலமும் இரட்டிக்கிறது. (உண்மையான மோட்டாரில் உருளையைப் பல துண்டுகளாக வைத்து, துண்டுகளின் இரு முகங்களும் எரியும்படி செய்வதால், நடுத் துளையின் ஏற்றம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை, இருந்தாலும் தத்துவம் இதுவே.)

ஆனால் இந்த ஓரத் துளைக்கு ஒரு விலை உண்டு. துளை விளிம்பைத் தொடுகிற பக்கத்தில், உறையின் சுவர் முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை தீயை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நடுத் துளை மோட்டாரிலோ எரிபொருளே சுவருக்குக் கவசமாக இருந்து கடைசியில்தான் விலகுகிறது. ஆகையால் நீண்ட நேரம் எரிகிற மோட்டாருக்கு உள்கவசம் தடிப்பாக வேண்டும். தடிப்பு என்றால் எடை. அன்றியும், எரிய எரிய எரிபொருளின் பாரம் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் ராக்கெட்டின் பார மையம் நடு அச்சை விட்டு நகர்கிறது. பட்டியலில் ஒன்பது வினாடி, பத்து வினாடி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குகிறவர்கள், காலி உறையின் எடை எவ்வளவு என்ற பத்தியையும் பார்த்துவிட்டு மயங்கட்டும்.

அடுத்தது, கிளம்புகிற இடம். எட்டு வினாடி மோட்டாரை நான் இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஆடி மாதத்துக் காற்றில் அதை ஏவ வேண்டும் என்று எவராவது சொன்னால் நானே தடுப்பேன். ராக்கெட்டின் வால் சிறகுகள் அதை நேராக வைத்திருப்பது வேகத்தினால்தான். ஏவுதண்டவாளத்தை விட்டு விலகும் கணத்தில் போதிய வேகம் இல்லையென்றால் சிறகு இருந்தும் பிரயோஜனமில்லை. 300 நியூட்டன் விசை நமது ராக்கெட்டின் எடையைப் போல் ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கைத்தான் பொதுவாகக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்கிறார்கள். 3 மீட்டர் தண்டவாளத்தின் நுனியில் அதன் வேகம் வினாடிக்கு 15 மீட்டர். கே 1200-க்கு அதே இடத்தில் 33 மீட்டர். பக்கவாட்டில் வினாடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால், முன்னதற்குக் காற்று 18 பாகைச் சாய்விலும், பின்னதற்கு 9 பாகைக்கும் குறைவான சாய்விலும் வந்து மோதுகிறது. சிறகுள்ள ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும்; திருப்பிய பிறகும் மோட்டார் இன்னும் ஏழு வினாடி எரிந்தால், அந்த ஏழு வினாடியும் ராக்கெட் சாய்ந்த திசையிலேயே தள்ளப்படும். உயரத்துக்கென்று சேமித்ததெல்லாம் தூரமாகப் போய், யாருடைய நிலக்கடலைக் கொல்லையிலோ விழும். முதல் உதை வலுவாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் இரண்டாவது காரணம் இதுவே. என் அபிப்பிராயத்தில் இதுதான் முதன்மையான காரணமும்கூட.

உஷ்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்க்காற்று மூக்கின் நுனியில் வந்து தேங்கும்போது சூடேறுகிறது: ஒலியின் வேகத்தில் சுமார் 87 டிகிரி செல்சியஸ், அதன் இரு மடங்கில் 267, மூன்று மடங்கில் 567. சாதாரண எப்பாக்சிப் பசை நூறு டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். அவசர மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் அதற்கேற்ற சிறகும் பசையும் மூக்கும் தேட வேண்டும். நிதான மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தச் செலவில் பெரும் பகுதி மிச்சம்.

இனி, நம் தேசத்து உதாரணங்களுக்கு வருவோம். 1963-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் நைக்-அப்பாச்சி என்ற அமெரிக்க இரட்டை அடுக்கு ராக்கெட். அது உயரே சோடிய ஆவியைப் பரப்பி அந்தி வானத்தில் மேகம் காட்டிய கதை நீங்கள் அறிந்ததே. எனக்கு அதில் விசேஷமாகப் படுவது வேறொன்று. அதன் கீழ் அடுக்கான நைக் மூன்றரை வினாடியில் எரிந்து தீர்ந்துவிடும். மேல் அடுக்கு உடனே பற்றாது. கிளம்பி 20 வினாடி ஆகும் வரை ராக்கெட் எதுவும் எரியாமல், பெற்ற வேகத்திலேயே சும்மா ஏறிக்கொண்டிருக்கும். கனத்த காற்றைக் கடந்த பிறகே அப்பாச்சி பற்றி ஆறு வினாடிக்குச் சற்று மேலே எரியும். ஒரே மோட்டாரை நீட்டி எரிப்பதால் கிடைக்கிற லாபத்தை இரண்டு குறுகிய மோட்டார்களும் நடுவே ஒரு பொறுமையும் சேர்ந்து கொடுத்துவிடுகின்றன. அடுக்கு ராக்கெட் செய்ய நினைக்கிற மாணவர்கள், மேல் மோட்டாரை எவ்வளவு தாமதித்துப் பற்றவைப்பது என்பதை மோட்டார்த் தேர்வின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

நான்கு வருஷம் கழித்து, 1967 நவம்பர் 20-ஆம் தேதி, நாமே செய்த ரோகிணி ஆர்.எச். 75 தும்பாவிலிருந்து பறந்தது. அந்த 75 என்பது அதன் குறுக்களவு மில்லிமீட்டரில்! நான் மேலே கணக்குப் போட்ட ராக்கெட்டும் அதே பருமன்தான். ஒரு தேசத்தின் விண்வெளி முயற்சி, இன்று கல்லூரிப் பையன்கள் கையாள்கிற குழாயின் அளவில் ஆரம்பித்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது. அதன் வழித்தோன்றலான இரண்டு அடுக்கு ஆர்.எச். 200, எழுபது கிலோமீட்டருக்கு மேலே ஏறி வாயுமண்டலத்தை ஆராய்வது. 2022 நவம்பரில் தொடர்ச்சியாக இருநூறாவது வெற்றியைக் கண்டது. வெகு காலம் பி.வி.சி. சேர்ந்த எரிபொருளில் பறந்துகொண்டிருந்த அதை 2020-இல்தான் எச்.டி.பி.பி. என்ற ரப்பர் சேர்ந்த எரிபொருளுக்கு மாற்றினார்கள். பறந்து நிரூபணமான ஒன்றை அவசரப்பட்டு மாற்றாத அந்த நிதானமும் எனக்குப் பிடித்த குணம்.

(இவ்விடத்தில் சற்று விலகிப் போக அனுமதி தாருங்கள். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் திமிரி. 1751-இல் ஆற்காட்டைக் கைப்பற்றிய ராபர்ட் கிளைவ், அங்கிருந்து தப்பியோடிய படையைத் துரத்திக்கொண்டு வந்த இடம் இந்தத் திமிரிக் கோட்டைதான். முப்பது வருஷத்துக்குள், 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்த போர் அது. அந்த ராக்கெட்டின் விசேஷம் அதன் இரும்புக் குழாய். ஐரோப்பியர் அட்டையில் செய்துகொண்டிருந்ததை இங்கே இரும்பில் செய்ததால் உள்ளே அதிக அழுத்தத்தைத் தாங்கிற்று. அந்தக் குழாயை மூங்கிலோடும் வாளோடும் இறுகக் கட்டியிருந்தது தோல் வாரினால். பின்னால் வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் தம்முடைய ராக்கெட்டுகளைச் செய்ய இவையே தூண்டுதல். நாஸாவின் வாலப்ஸ் தீவு நிலையத்தில் திப்புவின் ராக்கெட் போர்க் காட்சி ஓவியமாக மாட்டியிருந்ததைக் கண்டு தாம் பெருமிதம் கொண்டதை அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உறை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதே மோட்டாரின் தலைவிதி என்ற பாடம் இந்தச் சீமையில் இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே பிரத்தியட்சமாக நடந்தது.)

தனியார் ஆர்வலர்களின் உயரப் பறத்தலில் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். 2004 மே 17-ஆம் தேதி நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து கிளம்பிய கோஃபாஸ்ட் ராக்கெட் 116 கிலோமீட்டர் ஏறி, ஆர்வலர்கள் கட்டியவற்றுள் விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் ஆயிற்று. தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் டிராவலர்-4, 2019 ஏப்ரலில் சுமார் 103 கிலோமீட்டர். அதே மாணவர் குழுவின் ஆஃப்டர்ஷாக்-2, 2024 அக்டோபர் 20-ஆம் தேதி சுமார் 143 கிலோமீட்டர். இந்தக் கடைசி ராக்கெட்டின் மோட்டார் எரிந்தது ஏறக்குறைய 19 வினாடி! ஆனால் அது ஒலியின் வேகத்தைத் தாண்டியது இரண்டாவது வினாடியிலேயே. பலமான உதையும் நீண்ட தாங்கலும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போன அதன் சிறகு முனைகளை உஷ்ணத்திலிருந்து காப்பாற்ற டைட்டானியம் பூச வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் தமிழ்நாட்டிலேயே இன்னொரு வழியும் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையின் ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனம் 2024 ஆகஸ்டு 24-ஆம் தேதி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தைக் கடலோரத்திலிருந்து ரூமி-1 ராக்கெட்டை ஏவியது. அதன் மோட்டார் ஹைப்ரிட் வகை. அதாவது எரிபொருள் திடமாகவும், அதை எரிய வைக்கிற ஆக்ஸிஜன் சத்து தனித் தொட்டியில் திரவமாகவும் இருக்கும். வால்வைத் திறந்து வைத்திருக்கும் காலமே எரியும் காலம். ஆர்வலர்கள் பெரும்பாலும் உபயோகிக்கிற நைட்ரஸ் ஆக்ஸைடு ஹைப்ரிட் மோட்டார்களில் தொட்டி காலியாகக் காலியாக அழுத்தம் குறைந்து விசையும் மெல்ல இறங்கும். சிலர் இதைக் குறை என்கிறார்கள். கொடார்டு பிரச்சினையின் விடையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்: ஆரம்பத்தில் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைவு என்பதுதானே நமக்கு வேண்டியதும்! தொட்டியின் எடையும் குழாய் வேலையின் சிக்கலும் இல்லாவிட்டால், உயரத்துக்கு ஹைப்ரிட்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் படித்த உற்சாகத்தில் எவரும் வீட்டுக் கொல்லையில் எரிபொருள் கிளறப் புறப்பட்டுவிடக் கூடாது என்பதை மன்றாடிச் சொல்கிறேன். 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் வருஷத்து விதிகளும் நடப்பில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் இவற்றைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெசோ அமைப்பே இதைக் கண்காணிக்கிறது. அன்றியும், எங்கள் ஊருக்கு வெகு தூரமில்லாத அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. தலைக்கு மேல் காலியாகத் தெரிகிற ஆகாயம் உண்மையில் காலியானதல்ல. சட்டத்தைவிடப் பெரிய விஷயம் விரல்களும் கண்களும். நான் பையனிடம் கையடித்து வாங்கிக்கொண்ட சத்தியம் இந்த ஒன்றுதான்.

அவனுக்குச் சொன்ன மாற்று வழி இது. ஓப்பன்ராக்கெட் என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சம்போ நிஸ்கானென் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வுக்காக 2009-இல் செய்தது. உலகத்து மோட்டார்களின் விசை வரைபடங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரே ராக்கெட்டை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றி மாற்றிப் பறக்கவிட்டுப் பாருங்கள். தண்டவாள முனையில் வேகம், உச்ச வேகம், உச்ச உயரம், விழுகிற தூரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றைக் கூட்டிப் பாருங்கள். நான் பல இராத்திரிகள் இந்த வேலையில் செலவிட்டிருக்கிறேன். கணினி காட்டிய உயரம் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. பிறகு, நிஜமாகவே ஏவ வேண்டுமென்றால், அதற்கும் இப்போது வழி இருக்கிறது: மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டியை மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பே நடத்துகிறது, 2025-இல் உத்தரப்பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில், அனுமதியோடும் மேற்பார்வையோடும் மாணவர்களின் ராக்கெட்டுகள் பறந்தன.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இப்படிக் குழு வைத்திருக்கிற மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்களுக்கு மோட்டார் கொடுக்கிறவரிடம் எழுத்தையும் எண்ணையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். விசை-கால வரைபடத்தையும் காலி உறையின் எடையையும் எழுத்தில் கேளுங்கள். முதல் அரை வினாடியில் விசை ராக்கெட்டின் எடையைப் போல் ஐந்து மடங்குக்குக் குறைந்தால், அது எத்தனை வினாடி எரிவதானாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.